ஒரு வருஷம் வரைக்கும்தான் நீங்க விருந்தாளி: டிரைவிங் லைசென்ஸ் எல்லை தாண்டின கதை

இன்னிக்கு எபிசோடை 2018 ஜூன் 4ஆம் தேதியில தொடங்குறேன். இடம், சவூதி அரேபியா. அன்னிக்குப் பத்துப் பெண்கள் கையில டிரைவிங் லைசென்ஸ் கொடுத்தாங்க. பெண்கள் கார் ஓட்டவே கூடாதுன்னு இருந்த நாடு அது. அந்தத் தடை விலக இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. அதுக்குள்ள எப்படி லைசென்ஸ் கிடைச்சது? அவங்ககிட்ட ஏற்கெனவே வெளிநாட்டு லைசென்ஸ் இருந்தது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, லெபனான் மாதிரி நாடுகள்ல வாங்கினது. ஒரு கண் பரிசோதனை, சுருக்கமா ஒரு ஓட்டும் சோதனை. பழைய லைசென்ஸுக்குப் பதிலா சவூதி லைசென்ஸ் வந்துடுச்சு.

சொந்த நாடு அத்தனை வருஷம் தராத ஒன்னு, வெளிநாட்டுக் காகிதம் வழியா வந்து சேர்ந்தது. நம்ம ஆட்களுக்குப் பெரும்பாலும் நடக்கிறது இதுக்கு நேர் எதிர். பத்து வருஷம் சென்னை டிராஃபிக்ல ஓட்டினவர் வேலைக்காக பெர்லின்ல போய்க் குடியேறுறார்னு வைங்க. ஆறு மாசம் ஆனதும் அவர் லைசென்ஸ் அங்க செல்லாது. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ரெண்டையும் முதல்லேர்ந்து எழுதணும். அதே தெருவுல புதுசா வந்து இறங்கின டெக்சாஸ்காரர், எந்தத் தேர்வும் இல்லாம லைசென்ஸை மாத்திக்கலாம். இது ஏன்? காரணம் தேடிப் போனா, கதை காரோட பிறப்பு வரைக்கும் போகுது.

1888ல ஜெர்மனியின் பாடன் அரசு, கார்ல் பென்ஸ் தன்னோட வண்டியை ரோட்டுல ஓட்டிப் பார்க்க எழுத்து மூலமா அனுமதி கொடுத்தது. உலகத்தோட முதல் லைசென்ஸ்னு இதைத்தான் சொல்றாங்க. அது எங்கே செல்லும் தெரியுமா? மன்ஹைம் நகரமும் அதைச் சுத்தி இருந்த சில ஊர்களும், அவ்வளவுதான். அதே ஆகஸ்ட் மாசம் அவர் மனைவி பெர்தா பென்ஸ், கணவர்கிட்ட சொல்லாம, ரெண்டு பையன்களையும் ஏத்திக்கிட்டு நூறு கிலோமீட்டர் தாண்டி இருக்கிற ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. லைசென்ஸ் பிறந்த மாசத்துலயே அதோட எல்லையை ஒருத்தர் தாண்டியாச்சு.

அடுத்த இருபது வருஷத்துல கார் பெருகினது, ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு விதி போட்டது. 1893ல பாரிஸ் போலீஸ் ஓட்டுநருக்குச் சான்றிதழ் கட்டாயம்னு சொன்னாங்க. பிரிட்டன்ல 1904லேர்ந்து லைசென்ஸ் வேணும், ஆனா தேர்வு கிடையாது. அஞ்சு ஷில்லிங் கட்டினா போதும். அங்க கட்டாயத் தேர்வு வந்தது 1935லதான். இந்தியாவுக்கு 1914ல மோட்டார் வாகனச் சட்டம் வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவுல 1909 அக்டோபர் 11ஆம் தேதி பாரிஸ்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இது. உலகப் பொதுவான சாலைக் குறியீடுகள் நாலே நாலுதான் அதுல இருந்தது: மேடு பள்ளம், வளைவு, குறுக்குச் சாலை, ரயில்வே கேட். வண்டிக்குப் பின்னால நீள்வட்டத்துல நாட்டோட எழுத்தை எழுதுற பழக்கமும் அங்கேர்ந்துதான். கூடவே ஒரு சர்வதேசச் சான்றிதழ். வண்டிக்கும் ஓட்டுறவருக்கும் சேர்த்து ஒரே காகிதம், வயசு 18 ஆகியிருக்கணும், ஓட்டத் தெரியும்னு நிரூபிச்சிருக்கணும், ஒரு வருஷம் செல்லும். வேடிக்கை பாருங்க, உள்ளூர்ல தேர்வே எழுதாத பிரிட்டிஷ்காரர், பிரான்ஸுக்கு ஓட்டிட்டுப் போகணும்னா மட்டும் திறமையை நிரூபிக்கணும்!

1909ல யார் கார் வெச்சிருந்தாங்க? பணக்காரங்க. கோடை காலத்துல எல்லை தாண்டி ஊர் சுத்தப் போறவங்க. அவங்க திரும்பி வீட்டுக்கு வந்துடுவாங்க. அதனால ஒரு வருஷம் தாராளமாப் போதும். இந்தச் சட்டத்தை எழுதினவங்க மனசுல இருந்த ஆள் ஒரு விருந்தாளி. வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிடற ஆள் அந்தப் படத்துலயே இல்லை.

பின்னால வந்த ஒப்பந்தங்களும் இந்தப் படத்தை மாத்தலை. 1926ல வண்டிக்கான காகிதத்தையும் ஓட்டுநருக்கான காகிதத்தையும் தனித்தனியாப் பிரிச்சாங்க. இன்னிக்கு நாம இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்னு சொல்றது அப்பப் பிறந்தது. 1949ல ஜெனீவா ஒப்பந்தம். இந்தியா சேர்ந்தது இதுலதான், நம்ம ஆர்டிஓ 1000 ரூபாய்க்குக் கொடுக்கிற பெர்மிட்டும் இதன்படிதான். அதோட முதல் ஷரத்துலயே, ஒரு நாட்டுல தொடர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல தங்கினவருக்கு இந்தச் சலுகையைத் தர வேண்டிய கட்டாயம் இல்லைன்னு எழுதியிருக்கு. 1968 வியன்னா ஒப்பந்தம் இன்னும் ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லிடுச்சு: குடியிருப்பையே இங்க மாத்திக்கிட்டவரோட வெளிநாட்டு லைசென்ஸை ஏத்துக்க வேண்டாம்.

ஆக, நூறு வருஷ சர்வதேசச் சட்டம் சுற்றுலாப் பயணிக்குத்தான் கதவைத் திறந்து வெச்சிருக்கு. குடியேறினவருக்கு உலகப் பொதுவா எதுவும் கிடையாது. அவர் விஷயத்தை அந்தந்த நாடு தனியா ஒரு பட்டியல் போட்டு முடிவு பண்ணும்.

பட்டியலைப் படிச்சா இன்னும் சுவாரசியம். டெக்சாஸ்காரருக்குத் தேர்வு இல்லைன்னு சொன்னேன் இல்லையா? ஃப்ளோரிடாக்காரர் எழுத்துத் தேர்வு மட்டும் எழுதணும். நியூயார்க்காரர் நம்மளை மாதிரி ரெண்டும். நியூயார்க்ல மோசமா ஓட்டுறாங்கன்னு அர்த்தம் இல்லை. ஜெர்மன் லைசென்ஸை எந்த மாநிலம் மாத்திக் கொடுக்குதோ, அந்த மாநிலத்து லைசென்ஸை ஜெர்மனியும் மாத்திக் கொடுக்கும். மொய் எழுதுற கணக்குதான். பாதுகாப்புன்னு பேர் சொன்னாலும் உள்ள நடக்கிறது ரெண்டு அரசாங்கங்களுக்கு நடுவுல கொடுக்கல் வாங்கல்.

பிரிட்டன் பட்டியல்ல ஆஸ்திரேலியா, கனடா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே எல்லாம் இருக்கு. இந்தியா இல்லை, இலங்கையும் இல்லை. இடது பக்கம் ஓட்டக் கத்துக்கொடுத்ததே அவங்கதான், இருந்தும் நம்ம லைசென்ஸுக்குப் பன்னிரண்டு மாசம்தான் ஆயுள். 2021ல ஐக்கிய அரபு அமீரகத்தைப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதனால துபாய்ல தேர்வு எழுதி லைசென்ஸ் எடுத்தவருக்கு லண்டன்ல வழி திறந்திருக்கு. அதே ஆள் அதுக்கு முன்னால மதுரையில எடுத்து வெச்சிருந்த லைசென்ஸுக்கு அந்த மரியாதை கிடையாது.

அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்குன்னு நான் நினைக்கிறேன். ஆர்டிஓ வாசல்ல நிக்கிற புரோக்கர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். எட்டு போட்டு ஒழுங்காப் பாஸ் பண்ணினவரையும், ‘பார்த்துப் பண்ணிக்கலாம் சார்’னு வாங்கினவரையும் அந்த அட்டையை வெச்சுப் பிரிக்க முடியாது. சந்தேகப்படற நாட்டை முழுசாக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா சந்தேகம்தான் காரணம்னா, ஆளைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிப் பார்க்கலாமே?

சுவிட்சர்லாந்து அதைத்தான் செய்யுது. இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல வாழற நாடு அது. பட்டியல்ல இல்லாத நாட்டு லைசென்ஸோட வந்தவர், அதிகாரியைப் பக்கத்துல உட்கார வெச்சு ஒரு தடவை ஓட்டிக் காட்டணும். பாஸ் ஆனா சுவிஸ் லைசென்ஸ். கேக்க நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. தோத்துட்டா அந்த நிமிஷத்திலேர்ந்து பழைய லைசென்ஸை வெச்சு அங்க ஓட்ட முடியாது. கத்துக்கிறவரா எல்லாத்தையும் மறுபடி தொடங்கணும். இருபது வருஷ அனுபவம் ஒரு மணி நேரப் பதற்றத்துல போயிடலாம். ஊர்ல லாரி ஓட்டிப் பிழைச்ச ஒருத்தருக்கு இது வெறும் அட்டை விஷயம் இல்லை, கைத்தொழிலே போற விஷயம்.

ஜப்பான் கதையும் கேளுங்க. அங்க இதுக்கு ‘கைமென் கிரிகாயே’னு பேர், ஐடி வேலைக்குப் போன நம்ம பசங்களுக்கு நல்லாப் பழகின வார்த்தை. ரொம்ப வருஷமா பத்தே கேள்வி, ஏழு சரியா இருந்தா போதும். எல்லாரும் திணறுறது மைதானத்துலதான். வண்டியில ஏறுறதுக்கு முன்னால சுத்திக் குனிஞ்சு பார்க்கணும், எஸ் வளைவு, செங்குத்துத் திருப்பம், எல்லாம் அவங்க முறைப்படி. 2025 அக்டோபர்லேர்ந்து எழுத்துத் தேர்வையும் இறுக்கிட்டாங்க. கேள்வி அம்பது, நாப்பத்தஞ்சு சரியா இருக்கணும்.

கடைசியா மறுபடி பிரிட்டன். அங்க மறுபடி தேர்வு எழுதற நிலைமைக்கு வந்த தமிழர்களுக்கு ஒரு காலத்துல ஒரு உதவி இருந்தது. எழுத்துத் தேர்வுக் கேள்விகளை ஹெட்ஃபோன்ல வேற மொழியில கேக்கலாம். மொத்தம் பத்தொன்பது மொழிகள், அதுல தமிழும் ஒன்னு. சாலைப் பாதுகாப்பு, மொழிபெயர்ப்பாளர் மூலமா நடந்த மோசடி, செலவுன்னு காரணம் சொல்லி 2014 ஏப்ரல் 7ஆம் தேதியோட அதை நிறுத்திட்டாங்க. இப்ப ஹெட்ஃபோன்ல ரெண்டே மொழிதான் வரும். ஆங்கிலம், இல்லைன்னா வெல்ஷ்.