இருமுறை சூரியோதயம் கண்ட வான்பயணம்

அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரத்திற்கும், இலங்கையின் தென்கரையில் காலியை அடுத்துள்ள கொக்கலவுக்கும் இடைப்பட்ட வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்திற்கு இஃது ஏழு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட பயணமே. 1943 இல் இதே தூரத்தை எங்கும் இறங்காது கடக்க 27 முதல் 33 மணித்தியாலங்கள் வரை சென்றன.

போருக்கு முன்னர், 1938 இல், இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குப் பறக்கும் படகுகள் ஒழுங்காகச் சென்றுவந்தன. இரவுதோறும் இறங்கித் தங்கிச் செல்லும் அப்பயணம் ஏறத்தாழ ஒன்பது பத்து நாட்களில் முடிந்தது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் யாவாவும் வீழ்ந்தது. வழி அறுந்தது. இந்து சமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டுவதன்றி வேறு மார்க்கம் இருக்கவில்லை.

அப்பணியைக் குவாண்டாஸ் நிறுவனம் 1943 நடுப்பகுதியில் ஏற்றது. பயன்பட்டவை ஐந்து கற்றலினா பறக்கும் படகுகள். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றரே அவற்றின் வேகம். பாரத்தின் பெரும்பகுதி எரிபொருளே ஆதலால், மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ தபாலுக்கும் மட்டுமே இடம் எஞ்சியது. குளிர் தடுக்கும் உட்பூச்சுக்கூட எடை கருதி அகற்றப்பட்டது. ஆயுதம் கிடையாது. பகைவர் நடமாடும் வான்பரப்பை இருளிலேயே கடந்தனர்; வானொலியை மௌனமாக்கி, விண்மீன்களைக் கொண்டே திசையறிந்தனர். மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம். பயணிகள் ஆகாயத்திலேயே இருமுறை சூரியோதயம் கண்டனர். அதற்குச் சான்றாக "இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்" என்ற பெயரில் பத்திரமும் பெற்றனர். சிறிது விளையாட்டுத்தனந்தான், ஆயினும் அவ்வளவு நேரம் குளிரில் ஒடுங்கியிருந்தவர்களுக்கு அதுவும் வேண்டியிருந்தது போலும்.

கொக்கல வாவியே இறங்குதளமாயிற்று. வாவியை அண்டிய கிராமத்து மக்கள் அத்தளத்திற்காக வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு தப்பியது. இப்போது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக உள்ளது. (பலாலி விமானத்தளமும் அதே போர்க்காலத்தில் அமைந்ததே. 1990 இல் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கு நேர்ந்தது நம்மவர் அறிந்தது.) வானோடிகளின் துணிவைப் போற்றுவோர், அவர்கள் இறங்கிய நீர்க்கரையில் யார் குடியிருந்தனர் என்றும் கேட்டல் வேண்டும்.

1944 இல் லிபரேட்டர் விமானங்களும் சேவையில் இணைந்தன. அவை இரத்மலானையில் இறங்கின. சமுத்திரத்தைக் கடக்கும் நேரமும் ஏறத்தாழ 17 மணித்தியாலமாகக் குறைந்தது. கற்றலினாக்களோ 1945 யூலை வரை 271 தடவைகள் கடலைக் கடந்தன. ஒன்றேனும் வழியில் அழியவில்லை. அமெரிக்கா கடன்-குத்தகை உடன்பாட்டின்கீழ் வழங்கியவை அவை; ஆதலால் போர் முடிந்தபின் அவுஸ்திரேலியக் கரைக்கப்பால் கொண்டுசென்று கடலில் மூழ்கடித்தனர்.