ஓர் அறையும் ஒரு கடலும்

எழுத்தாளன் என்றதும் நம் மனக்கண்முன் வருபவன் யார்? ஓலைச்சுவடிக் காலத்திலே, புரவலனைப் பாடிப் பொற்கிழி பெற்ற புலவன்! அச்சுக் காலத்திலோ, ஓய்வும் வசதியும் ஒருங்கே பெற்ற மேட்டுக்குடியினன்! புரவலனும் இல்லை, ஓய்வும் இல்லை. நாளேட்டு அலுவலகத்திலே உழைத்து, விடுதி அறையிலே தங்கி, தமிழுக்கு இரு நாவல்கள் ஈந்த ஒருவர் மதுரை மாநகரிலே வாழ்ந்தார். ப. சிங்காரம் என்பது அவர் பெயர்.

1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். மதுரையிலே பள்ளிக் கல்வி பெற்றவர். பதினெட்டு வயதில், 1938இல், கப்பலேறிச் சுமத்திராத் தீவின் மேடான் நகர் சென்றார். வட்டிக்கடை வேலை! மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிவைத்து ஆளை அளந்த கடைகள் அவை. பெட்டியடியில் குந்தியிருந்த தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றி யார் கதை எழுதினார்கள், அதுவரை? 1942இல் சப்பானியப் படை புகுந்தது. போர் ஒருபுறம், சொந்தத் துயரம் மறுபுறம். பேறுகாலத்தில் மனைவியும் மாண்டார், குழந்தையும் மாண்டது. 1946இல் தாயகம் திரும்பியவர், மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1947இல் மதுரை 'தினத்தந்தி'யில் பணி ஏற்றார். ஆதித்தனார் 1942இல் அதே மதுரையில் தொடங்கிய ஏடு அது. தேநீர்க் கடையில் எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும் தமிழ் அதன் தமிழ். 1987 வரை, நாற்பது ஆண்டு அந்த வேலை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனி வாழ்க்கை. அலுவலகம், அறை, மீண்டும் அலுவலகம், மீண்டும் அறை! வறண்ட வாழ்வு என்பர் சிலர். அந்த வறண்ட ஒழுங்குதான் அவர் பேனாவுக்குக் கூரையாயிற்று என்பேன் நான். துறவி என்று எவரும் அவரைத் தூக்கிவைக்க வேண்டா. துறந்தவர் அல்லர், இழந்தவர்.

'கடலுக்கு அப்பால்' நாவலை 1950 வாக்கில் எழுதினார். பதிப்பகங்களை நாடினார், ஏற்பார் இல்லை. 1959இல் 'கலைமகள்' நாவல் போட்டியில் பரிசு பெற்ற பின்னரே அது வெளிச்சம் கண்டது. பரிசு பெற்றவருக்குப் பாதை திறந்திருக்கும் என்றா எண்ணுகிறீர்கள்? அடுத்து எழுதிய 'புயலிலே ஒரு தோணி'யும் கிடந்தது, ஆண்டுக் கணக்கில்! 1972இல்தான் நூலாயிற்று. மேடான், பினாங்கு, போர், இந்திய தேசிய இராணுவம் எல்லாம் அதில் உண்டு. எனினும் கடலுக்கு அப்பால் நிற்கும் பாண்டியனின் நெஞ்சிலே விரிவன மதுரைத் தெருக்களும் சின்னமங்கலத்துச் சந்தையுமே. செட்டியும் சீனனும் டச்சுக்காரனும் அவரவர் பேச்சோடு அந்நூலில் உலவுகின்றனர். பழம்பெருமை பேசிக் காலம் கழிக்கும் தமிழரை நகையாடவும் அவர் தயங்கவில்லை. அந்த நகையாட்டு நமக்கும் உறைக்கத்தான் செய்கிறது!

ஒழுங்கு அவரை எழுத வைத்தது. அச்சேற்ற, அதனால் ஆகவில்லை. ஒருவன் கைக்குள் இருப்பது தாளும் பேனாவுமே. மற்றவை பதிப்பாளர் கையிலும் நம் கையிலும் இருந்தன. கையெழுத்துப் படி காத்துக் கிடந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், இன்னொரு நாவலுக்குரிய காலம் அதிலே அடங்கியிருக்கும். சோம்பலால் ஓய்ந்தார் என்று அவரைச் சொல்ல நமக்கு வாய் உண்டா?

1987இல் பணி ஓய்வு. அதன் பின்னும் அதே விடுதி வாழ்வு. 1997 திசம்பர் 30ஆம் நாள் மறைந்தார். புதிய பதிப்புகள் வந்தன, கட்டுரைகள் வந்தன, தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று என்ற புகழும் வந்தது. 1972க்குப் பின் அவர் பெயரில் மூன்றாவது நாவல் வரவே இல்லை.