அடிமைக் குடிலிலிருந்து வந்த அரை டொலர்

பழைய வெள்ளி ஞாபகார்த்த நாணயங்களைச் சேகரிப்போர் நாணயத்தோடு அது வந்த உறையையும் கேட்பார்கள். அட்டை, மெல்லிய தாள், அஞ்சல் உறை, இவையெல்லாம் எதற்கு என்று வெளியார் சிரிக்கக்கூடும். ஐக்கிய அமெரிக்காவில் 1946 தொடக்கம் 1951 வரை வெளிவந்த புக்கர் ரி. வாஷிங்டன் அரை டொலரின் கதை தெரிந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

வாஷிங்டன் 1856இல் வேர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1881 முதல் 1915இல் இறக்கும் வரை அலபாமாவின் டஸ்கீகிக் கல்வி நிலையத்தை நடத்தியவர். அமெரிக்க நாணயமொன்றில் முகம் பதிந்த முதலாவது கறுப்பினத்தவர் அவரே. அதை வடிவமைத்த ஐசாக் ஹாத்தவேயும் கறுப்பினச் சிற்பி. அந்நாட்டு நாணயத்தை வடிவமைத்தவர்களுள் அவ்வினத்தின் முதல்வர். நாணயத்தின் நிறை 12.5 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பின்புறத்தில் மேலே புகழ் மண்டபம், கீழே மரக்குடில். அடிமைக் குடிலிலிருந்து புகழ் மண்டபம்வரை என்ற வாசகமும் உண்டு.

அவர் பிறந்த இடத்தில் ஒரு நினைவகம் எழுப்பவே இந்த நாணயம். எஸ். ஜே. பிலிப்ஸ் என்பவர் முன்னின்று உழைத்தார். அரை டொலரை ஒரு டொலருக்கு விற்று மிகுதியை நினைவகத்துக்குச் சேர்ப்பது ஏற்பாடு. 50 இலட்சம் நாணயங்களுக்குக் காங்கிரஸ் அனுமதி தந்தது. அவ்வளவு பேர் வாங்குவார்கள் என்று எதை வைத்துக் கணக்கிட்டார்களோ! 1946இல் பிலடெல்பியாவில் மட்டும் பத்து இலட்சம் அடிக்கப்பட்டன. பின்னர் வேகம் குறைந்தது. 1949இல் அடித்தவற்றுள் எஞ்சியவை நாணயசாலை ஒன்றுக்குச் சுமார் 6,000 மட்டுமே. ஆனால் பிலடெல்பியா, டென்வர், சான்பிரான்சிஸ்கோ ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் அடித்ததால், சேகரிப்பாளர் மூன்றையும் தொகுதியாக வாங்கவேண்டியிருந்தது. எளிய மக்களின் நினைவகம் இப்படிச் சேகரிப்பாளரின் பணப்பையை நம்பி நின்றது.

இந்த நாணயங்களுள் நன்கு தேய்ந்தவை இன்றும் கிடைக்கின்றன. ஞாபகார்த்தமாக வைத்திருக்கவேண்டியதைச் சாமான் வாங்கச் செலவழித்திருக்கிறார்கள். யாரோ ஒருவருக்கு அன்று அந்த ஐம்பது சதம் தேவைப்பட்டிருக்கிறது. அதனால்தான் மூன்று நாணயமும் ஒன்றாக இருக்கும் பழைய அட்டை பெறுமதியாகிறது. அவை பிரியாமலும் கைமாறித் தேயாமலும் இருந்தமைக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆனால் அந்தச் சாட்சியே நாணயத்தை அரிக்கவும் செய்யும். அக்காலத்து அட்டையிலும் தாளிலும் கந்தகம் கலந்திருந்தது. அது வெள்ளியைத் தொட்டுத் தொட்டு விளிம்பில் பழுப்பும் நீலமும் ஊதாவுமாக வளையங்களை உண்டாக்கியது. பின்னாளில் வந்த மிருதுவான பிளாஸ்திக் உறை இன்னும் மோசம். பச்சை நிறத்தில் பிசுபிசுப்பைக் கசியவிடும். வளையம் கண்டால் துலக்கிவிட நினைப்போர் உண்டு. துலக்கிய நாணயத்தின் விலை இறங்கிவிடும். செயற்கையாக நிறமேற்றி ஏமாற்றுவோரும் இருப்பதால், அட்டையின் அடையாளமும் நாணயத்தின் நிறமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். நாணயத்தை வேறு உறைக்கு மாற்றி, பழைய அட்டையைப் பக்கத்தில் வைத்திருப்பதே என் பார்வையில் சரியான வழி.

விற்பனையாகாத ஏறக்குறைய பாதி நாணயங்கள் உருக்கப்பட்டன. 1951 செப்டெம்பரில் வந்த சட்டம் அந்த வெள்ளியில் இன்னொரு அரை டொலர் அடிக்க இடமளித்தது. இம்முறை வாஷிங்டனோடு, டஸ்கீகியில் பணியாற்றிய விஞ்ஞானி கார்வரின் முகமும் சேர்ந்தது. நோக்கமும் மாறியது: கறுப்பின மக்களிடையே கம்யூனிசம் பரவுவதை எதிர்ப்பது எனச் சட்டமே எழுதிவைத்தது. பின்புறத்தில் அமெரிக்க வரைபடத்தைச் சுற்றி, எல்லோருக்கும் சுதந்திரமும் வாய்ப்பும் என்று பொறித்தார்கள். தென்மாநிலப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகள் சட்டப்படி வேறாக்கப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. இந்தத் தொகுதியிலும் பெருவாரியானவை விலைபோகாமல் உருகின.

1954உடன் அது நின்றது. அதன்பின் 1982வரை அந்நாடு ஞாபகார்த்த அரை டொலர் எதையும் வெளியிடவில்லை. பிலிப்ஸின் அமைப்பு நொடித்துப்போக, வாஷிங்டன் பிறந்த பண்ணையை 1956இல் மத்திய அரசு தேசிய நினைவிடமாக ஏற்றுக்கொண்டது.