நடப்படாத கல்

போரில் மாண்டவனுக்குக் கல் நடுவதைக் காட்சி, கால்கோள் என்று படிப்படியாகச் சொல்கிறது தொல்காப்பியம். மாண்டானா என்றே தெரியாதவனுக்கு அதில் இடமில்லை.

1971 யுத்தத்தில் பிடிபட்ட பாகிஸ்தானியர் சுமார் 93,000 பேர், சிம்லா, டில்லி ஒப்பந்தங்களையொட்டி 1974க்குள் ஊர் திரும்பினார்கள். நம்மவர் 54 பேரின் பெயர்கள் மட்டும் கணக்கில் சேராமல் நின்றன. (கணக்கர்களுக்குப் பழக்கமான சங்கடம்.)

மேஜர் அசோக் சூரி ராணுவப் பதிவேட்டில் மாண்டவராகவே இருந்தார். 1974 டிசம்பரில் அவர் கையெழுத்தில் ஒரு துண்டுக் கடிதம் தகப்பனாருக்கு வந்தது. 1975ல் கராச்சியிலிருந்து இன்னொன்று. அவர் அலைந்து, 'மாண்டவர்' என்பதைக் 'காணாமற்போனவர்' என்று திருத்த வைத்தார். சொல்லின் கனம் பற்றி நாம் எழுதித் தள்ளுகிற விமர்சனங்களைவிட இந்த ஒரு திருத்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏழாண்டு தகவலில்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டம். காஞ்சிபுரத்தில் என் வங்கி மேஜைக்கும் அது தெரியும். தகவல் வந்தவனை என்ன செய்வது?

1979ல் அரசே லோக்சபையில் ஒரு பெயர்ப்பட்டியலை வைத்தது. அப்படி யாருமில்லை என்பதே பாகிஸ்தானின் பதில். 1983ல் உறவினர் சிலர் முல்தான் சிறைவரை போனார்கள். 2007ல் 14 பேர் சிறை சிறையாகப் போய், ஒருவரையும் காணாமல் திரும்பினார்கள்.