சுயேச்சை நட்சத்திரங்கள்

சுயேச்சை என்ற சொல்லைக் கேட்டால் நம் நாட்டில் எல்லோருக்கும் தேர்தல்தான் ஞாபகத்துக்கு வரும். கட்சி டிக்கெட் கிடைக்காமல், ஏதோ ஒரு சின்னத்தைக் கையில் பிடித்துக் கொண்டு தெருத் தெருவாய் அலைந்து, கடைசியில் டிபாசிட்டையும் பறிகொடுப்பவர் - இவர்தாம் நமக்குத் தெரிந்த சுயேச்சை. சினிமா உலகத்திலும் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் டிபாசிட்டை இழக்காமல், கட்சிகளையே கதிகலங்க அடித்த நான்கு சுயேச்சைகள் 1919-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் கிளம்பினார்கள். நால்வரில் இருவர் காதலர்கள்; அதுவும் ஊருக்குத் தெரியக் கூடாத காதலர்கள். ஆகையால்தான் நாவல் எழுதிப் பிழைக்கிற நான் சரித்திராசிரியர்களின் வேலையில் தலையிட நேர்ந்தது.

டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் என்ற பெயரைக் கேட்டால் பழைய பேசாப் பட ரசிகர்களின் முகம் மலரும். மாடியிலிருந்து திரைச்சீலையைப் பற்றிக் கொண்டு சறுக்குவார். நாலு பேரை ஒரே கத்தியால் சமாளிப்பார். அதற்கு நடுவில் பல் தெரியச் சிரிக்கவும் சிரிப்பார். பிற்காலத்தில் நம் ஊர் மாடிப்படிகளில் நடந்த கத்திச் சண்டைகளுக்கெல்லாம் அவரையே பாட்டனாராகச் சொல்லலாம். 1883-ல் டென்வர் நகரில் பிறந்தவர். நாடக மேடையில் பெயரெடுத்துவிட்டு 1915-ல் சினிமாவுக்கு வந்தார். அதற்குள் கலியாணம் ஆகி ஒரு மகனும் இருந்தான்.

மேரி பிக்போர்டின் கதை வேறு. கனடாவில் டொரொண்டோ நகரில் 1892-ல் பிறந்த கிளாடிஸ் ஸ்மித் என்ற பெண், தகப்பனை இழந்த குடும்பத்தைக் காப்பாற்றக் குழந்தைப் பருவத்திலேயே மேடை ஏறினாள். 1909-ல் டைரக்டர் கிரிஃபித்தின் படங்களில் நாள் ஒன்றுக்குப் பத்து டாலர் கூலி. 1916-ல் வாரத்துக்குப் பத்தாயிரம் டாலர்! ஏழு வருஷத்தில் இப்படி ஏறிய கூலி, நான் கேள்விப்பட்ட வரையில், வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது. தங்கச் சுருள் கேசமும் குழந்தை முகமுமாகத் திரையில் தோன்றிய அவளை அமெரிக்கர்கள் தங்கள் வீட்டுப் பெண் என்றே நினைத்தார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஓவன் மூர் என்ற நடிகருடன் 1911-லேயே விவாகம் ஆகியிருந்ததும், அது சந்தோஷமான விவாகமாக இல்லாததும் ரசிகர்கள் யோசித்துப் பார்க்க விரும்பாத சங்கதிகள்.

1915-ல் ஹட்ஸன் நதிக்கரையில் டாரிடவுன் என்ற ஊரில், ஒரு நடிகையின் வீட்டு விருந்தில், இருவரும் சந்தித்தார்கள். உலாவப் போன இடத்தில் ஒரு சிற்றோடை குறுக்கிட்டது. மேரி பாதி வழியில் தயங்கி நிற்க, ஃபேர்பாங்க்ஸ் அவளை அலாக்காகத் தூக்கிக் கொண்டு போய் அக்கரையில் சேர்த்தார் என்று சொல்வார்கள். மறுவருஷக் கடைசியில் அவருடைய தாயார் காலமானார். நியூயார்க்கில் ஒரு பூங்காவின் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, மேரியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சிரிப்பு நடிகர் தேம்பித் தேம்பி அழுதார். நிமிர்ந்து பார்த்தால், காரில் இருந்த கடிகாரம் தாயார் உயிர் விட்ட அதே மணியில் நின்றிருந்ததாம். அன்று முதல் 'கடிகாரத்தின் மேல் ஆணை' என்பது அவர்கள் இருவருக்கும் மட்டுமே புரிந்த பாஷையாயிற்று. என் நாவலில் இப்படி எழுதினால் நம்ப முடியவில்லை என்று வாசகர்களே கடிதம் போடுவார்கள். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

1918 ஏப்ரலில் யுத்த நிதிக்குக் கடன் பத்திரம் விற்க, சார்லி சாப்ளினும் இவ்விருவரும் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். நியூயார்க்கில் பணக்காரர்களின் வீதியான வால் ஸ்ட்ரீட்டில் ஜனசமுத்திரம். ஃபேர்பாங்க்ஸ் சாப்ளினைத் தோள் மேல் தூக்கி நிறுத்தினார். அந்தப் புகைப்படத்தை இன்றைக்கும் பார்க்கலாம். அதே சமயத்தில் ஃபேர்பாங்க்ஸின் மனைவி, தாங்கள் பிரிந்து விட்டதாகப் பத்திரிகைகளுக்குச் சொல்லிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் கணவரிடம் ஓடினார்கள். அவர் சளைக்கவில்லை. எல்லாம் ஜெர்மானியரின் பொய்ப் பிரசாரம் என்று ஒரே போடாய்ப் போட்டார்! கெய்ஸருக்கு எத்தனையோ கவலைகள் இருந்திருக்கும். இந்தத் தம்பதியைப் பிரிக்கிற கவலையும் இருந்ததாகச் சரித்திரத்தில் வேறெங்கும் காணோம்.

இனி மாநாட்டுக்கு வருவோம். 1919 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அலெக்ஸாண்ட்ரியா ஹோட்டலில் 'ஃபர்ஸ்ட் நேஷனல்' என்ற தியேட்டர்காரர்களின் மாநாடு கூடியது. சாப்ளினும் மேரியும் அப்போது அந்த ஸ்தாபனத்துக்குத்தான் படம் எடுத்துக் கொடுத்து வந்தார்கள். படம் எடுக்க அதிகப் பணம் வேண்டும் என்று சாப்ளின் கேட்டிருந்தார். இல்லை என்று கையை விரித்து விட்டார்கள். ஏன் இந்தத் திடீர் மிடுக்கு? பெரிய கம்பெனிகள் ரகசியமாக ஒன்று சேரப் போகின்றன, நடிகர்கள் சம்பளம் கேட்க வேறு வாசலே இல்லாமல் செய்து விடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி. உண்மையைத் தெரிந்து கொள்ள ஒரு துப்பறியும் பெண்ணை ஹோட்டலுக்கு அனுப்பியதாகச் சாப்ளினே 1964-ல் வெளியான தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் ஒரு பெரிய முதலாளியுடன் சிநேகமாகப் பேசியே விஷயத்தைக் கறந்து விட்டாளாம்.

பிறகு நடந்தது ஒரு நல்ல நாடகக் காட்சி. மேரி, ஃபேர்பாங்க்ஸ், சாப்ளின், கிரிஃபித் எல்லோரும் அதே ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில், முதலாளிகள் கண்ணெதிரே, ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். வருகிற முதலாளி ஒவ்வொருவரும் இந்த மேஜையைப் பார்த்தார், முகம் வெளுத்தது. முதலில் முதலாளிகளைப் பயமுறுத்துவதற்கு மட்டுமே இதைச் செய்தார்களாம். முதலாளிகள் பயந்த பயத்தைப் பார்த்த பிறகுதான், 'ஏன், நிஜமாகவே செய்து விட்டால் என்ன?' என்று தோன்றியிருக்கிறது. 1919 பிப்ரவரி 5-ந் தேதி 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' கம்பெனி பத்திரத்தில் ஏறியது. ஜனாதிபதி வில்ஸனின் மாப்பிள்ளையும் முன்னாள் பொக்கிஷ மந்திரியுமான மக்காடூ சட்ட ஆலோசகரானார். பைத்தியங்கள் சேர்ந்து ஆஸ்பத்திரியைக் கைப்பற்றிக் கொண்டன என்று ஒரு பட முதலாளி சொன்ன கேலி, கம்பெனியின் பெயரை விடப் பிரபலமாயிற்று.

அந்தக் கேலியில் ஆத்திரம் இருந்ததற்குக் காரணம் உண்டு. அதுவரையில் மேரியின் படம் வேண்டுமென்ற தியேட்டர்காரர், கூடவே யாரும் பார்க்காத பத்துப் படங்களையும் வாங்கியாக வேண்டும். நல்ல கத்தரிக்காய் வேண்டுமென்றால் சொத்தையையும் சேர்த்து நிறுக்கிற வியாபாரம். புதுக் கம்பெனிக்கு ஸ்டூடியோ கிடையாது, சம்பள நடிகர்கள் கிடையாது. அவரவர் தம் பணத்தில் படம் எடுப்பார். கம்பெனி அதை ஒவ்வொரு படமாகத் தியேட்டர்களுக்குக் கொடுக்கும். லாபமோ நஷ்டமோ எடுத்தவருக்கு. இந்தக் கணக்கு வழக்குகளில் நால்வரிலும் கெட்டிக்காரி மேரிதான். சட்டச் சொற்களையும் வட்டிக் கணக்கையும் அவள் சரளமாகப் பேசியதைக் கேட்டுச் சாப்ளின் அசந்து போனார். ஐந்து வருஷம் நடிக்காமல் சும்மா இருந்தால் இரண்டரை லட்சம் டாலர் தருகிறேன் என்று அவளுடைய பழைய முதலாளி ஸூக்கர் ஒரு சமயம் சொல்லிப் பார்த்ததும் உண்டு. அவள் சும்மா இருக்கவில்லை.

ஆனால் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாளியிடம் சம்பளம் வாங்குகிற நடிகைக்குக் கெட்ட பெயர் வந்தால் முதலாளிக்கும் பாதி நஷ்டம். சுயேச்சை நடிகைக்குக் கெட்ட பெயர் வந்தால் முழு நஷ்டமும் அவளுக்கே. முதலாளியைத் தள்ளிவிட்டு மேரி யாரிடம் போய்ச் சேர்ந்தாள்? டிக்கெட் வாங்குகிற லட்சோப லட்சம் ஜனங்களிடம். அவர்கள் தங்கள் குழந்தை விவாகரத்துச் செய்வதை ஒப்புக் கொள்வார்களா? அவள் கத்தோலிக்கப் பெண் வேறு. 'உலகம் முழுவதும் என்னை வெறுத்தால் உங்கள் அன்பு ஒன்றே எனக்குப் போதுமா?' என்று அவள் யோசித்திருக்க மாட்டாளா? ஃபேர்பாங்க்ஸின் மனைவி விவாகரத்து வாங்கிக் கொண்ட பிறகும் மேரி ஒரு வருஷத்துக்கு மேல் தயங்கினாள்.

கடைசியில் துணிந்து விட்டாள். 1920 மார்ச் 2-ந் தேதி நெவாடா ராஜ்யத்தில் மிண்டன் என்ற சிற்றூரில் அவளுக்கு விவாகரத்துக் கிடைத்தது. அந்த ராஜ்யத்தில் ஆறு மாதம் வாசம் செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். எதிராளி அங்கேயே அகப்பட்டுவிட்டால் அந்த நிபந்தனை வேண்டாம். ஓவன் மூர் தற்செயலாக, பாருங்கள், அந்தச் சமயம் பார்த்து அதே ஊர்ப் பக்கம் வந்திருந்தார்! மார்ச் 28-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாதிரியார் வீட்டில் மேரிக்கும் ஃபேர்பாங்க்ஸுக்கும் விவாகம். நெவாடா அரசாங்க வக்கீல் விவாகரத்து மோசடி என்று வழக்குத் தொடுத்தார். 1922-ல் அந்த ராஜ்யத்து உயர்ந்த நீதிமன்றம் மேரியின் பக்கம் தீர்ப்பளிக்கும் வரையில், உலகம் கொண்டாடிய அந்தத் தம்பதிகள் சட்டப்படி தம்பதிகள்தாமா என்பது சந்தேகமாகவே இருந்தது.

ஜனங்களோ கோர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை. மன்னித்தார்கள் என்று சொல்வது போதாது. தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடினார்கள். அந்த வருஷக் கோடையில் தேனிலவுக்கு லண்டன் சென்றபோது, ஒரு தோட்ட விருந்தில் கூட்டம் மேரியை நசுக்கிவிடப் பார்த்தது. புது மாப்பிள்ளை அவளைத் தோளில் சுமந்து தப்ப வேண்டியதாயிற்று. பிறகு ஜெர்மனிக்குப் போனார்கள். யுத்தத்தினால் அவர்கள் படங்கள் அங்கே காட்டப்படவில்லை. தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் அப்பாடா என்றிருந்தது. சீக்கிரத்திலேயே அது சகிக்க முடியாமற் போய், கூட்டம் இருக்கிற தேசத்தைத் தேடிக் கொண்டு கிளம்பி விட்டார்கள். இதைப் படித்து நான் சிரித்தேன். ஆனால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் என் கதையைப் படித்துக் கொண்டிருக்கும்போது நான் எத்தனை தடவை கனைத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பெவர்லி ஹில்ஸில் ஃபேர்பாங்க்ஸ் வாங்கிப் புதுப்பித்த வீட்டுக்குப் பத்திரிகைக்காரர்கள் இருவர் பெயரையும் ஒட்டிப் 'பிக்ஃபேர்' என்று நாமகரணம் செய்தார்கள். மன்னர்களும் மேதைகளும் விருந்துக்கு வந்தார்கள். மது கிடையாது. எந்த விருந்திலும் மேரி தம் பக்கத்தில்தான் உட்கார வேண்டும் என்பது வீட்டுக்காரர் உத்தரவு. 1922-ல் புது மணத் தம்பதிகளாக வந்து தங்கிய ஓர் ஆங்கிலேயக் கடற்படை வாலிபரை வைத்துச் சாப்ளின் அந்த வீட்டிலேயே விளையாட்டாக ஒரு சிறு படம் எடுத்தார். 25 வருஷத்துக்குப் பிறகு அந்த வாலிபர் நம் நாட்டின் கடைசி வைஸ்ராயாக வந்து சேர்ந்தார். ஆம், மவுண்ட்பேட்டன் பிரபுவேதான்.

முதற்காட்சி வைபவம் என்று இன்றைக்கு நாம் சொல்வது ஹாலிவுட்டில் தொடங்கியதும் இவர்களால்தான். 1922 அக்டோபர் 18-ல் கிராமனின் எகிப்தியத் தியேட்டர், ஃபேர்பாங்க்ஸின் 'ராபின் ஹூட்' படத்துடன் திறக்கப்பட்டது. டிக்கெட் ஐந்து டாலர். அந்தப் படத்துக்காக நியூயார்க்கில் ஹோட்டல் மாடியிலிருந்து வில்லை வளைத்துக் காட்டியபோது, அம்பு கைநழுவிப் போய் எங்கோ ஜன்னலோரம் தையல் வேலை செய்து கொண்டிருந்த ஓர் அப்பாவியின் மேல் பாய்ந்தது என்றும், பணம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. 1924-ல் 'பாக்தாத் திருடன்' வந்தது. அந்தப் பெயர் நம் தமிழ்ப் படத்துக்கும் 1960-ல் பயன்பட்டது. 1927-ல் ஈரச் சிமெண்டில் இருவரும் கால் பதித்தார்கள். 1929 மே மாதம், அகாடமியின் முதல் தலைவராக ஃபேர்பாங்க்ஸ் முதல் ஆஸ்கார் பரிசுகளை வழங்கினார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. இப்போது நன்றி சொல்லவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

வெளியே இப்படி. உள்ளே? 1925-ல் மேரி ஒரு சினிமாப் பத்திரிகை மூலம் ரசிகர்களைக் கேட்டாள்: இனி நான் எந்த வேஷம் போடட்டும்? அப்போது அவளுக்கு வயது 33. சிண்ட்ரெல்லா போடு, சிறுமி வேஷம் போடு என்றே பதில்கள் வந்தன. எஜமானர்களின் உத்தரவு. அடுத்த மூன்று வருஷமும் சுருள் கேசத்தோடு கழிந்தது. 1928-ல் தாயார் இறந்த சில மாதங்களில் நியூயார்க்கில் ஒரு நாவிதரிடம் போய் அந்தக் கேசத்தைக் கத்தரித்துக் கொண்டாள். ரசிகர்கள் இழவு வீடு போல் புலம்பினார்கள். விவாகரத்தைப் பொறுத்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை!

பேசும் படம் வந்தது. 1929-ல் இருவரும் சேர்ந்து நடித்த ஒரே படத்தில் சண்டைக்காரத் தம்பதிகளாக நடித்தார்கள். காமிரா நின்ற பிறகும் சண்டை நிற்கவில்லை. ஃபேர்பாங்க்ஸுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. இந்தியா உள்படத் தேசம் தேசமாகச் சுற்றினார். லண்டனில் ஸில்வியா ஆஷ்லி என்ற சீமாட்டியிடம் புதுக் காதல். அவளுடைய கணவரான பிரபு, விவாகரத்து மனுவில் ஃபேர்பாங்க்ஸின் பெயரையே எழுதிவிட்டார். 1934-ல் அவர் நடித்த கடைசிப் படம் என்ன தெரியுமா? வயதாகிப் போன டான் ஜுவானை ஒரு பெண்ணும் அடையாளம் கண்டு கொள்ளாத கதை. 1936 மார்ச்சில் பாரிஸில் ஸில்வியாவை மணந்தார். 1939 டிசம்பரில், 56-வது வயதில், காலமானார். மேரி 1937-ல் தன்னுடன் நடித்த பட்டி ராஜர்ஸை மணந்து, 1979 வரையில் பிக்ஃபேரிலேயே வாழ்ந்தாள். அந்த வீட்டை அடுத்தடுத்து வாங்கியவர்களில் ஒருவர் 1990-ல் இடித்தார்.

கம்பெனியின் சங்கதியையும் சொல்லி விடுகிறேன். சாப்ளின் 1955-ல் தம் பங்கை விற்றார். சுமார் 11 லட்சம் டாலர் கிடைத்தது. மேரி மறுவருஷம் வரை பொறுத்திருந்து தன் பங்கை 30 லட்சம் டாலருக்கு விற்றாள்.