குழந்தையின் இருதயமும் பிறர் குருதியும்



பெருவயலுக்குரிய நீரைச் சிறு பாத்தியில் திருப்பிவிட்டால் நாற்று அழுகிப்போகும். இது பெரியகுளத்து உழவர் யாவரும் அறிந்த உண்மை. குழந்தைகளின் இருதய அறுவைச் சிகிச்சையில் இரத்தமேற்றிய வரலாறும் இவ்வுண்மையையே கூறுகிறது.

ஒருவர் இரத்தம் மற்றொருவருக்கு அமுதமாவதும் நஞ்சாவதும் ஏன் என்பதை, 1901-இல் வியன்னாவில் இரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் விளக்கினார். 1954-இல் அமெரிக்காவில் டாக்டர் லில்லிஹை, ஒரு குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் குழாய்களோடு இணைத்தார். தந்தையின் இருதயம் இருவருக்குமாக உழைக்க, மகவின் இருதயம் திறந்து தைக்கப்பட்டது. நம் நாட்டில் 1960-களின் தொடக்கத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் கோபிநாத் திறந்த இருதய அறுவையை வெற்றியுடன் நிகழ்த்தினார்.

தந்தையின் இடத்திற்கு இயந்திரம் வந்தது. அதனுடன் புதிய இடரும் வந்தது. 5 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ 400 மில்லிலிட்டரே. இயந்திரக் குழாய்களை நிரப்பவோ அதற்கு ஈடான அளவும், சில வேளை அதனினும் மிகுதியும் வேண்டியிருந்தது. நெடுநாள் சேமித்த இரத்தத்திலோ அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து பெருகும். அது மிகுந்தால் சிறு இருதயம் நின்றுவிடவும் கூடும்.

மற்றோர் இடர் கண்ணுக்குப் புலப்படாதது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. எய்ட்ஸ் நோய்க்கிருமி இந்தியாவிலும் உண்டென்று அன்று தெரியவந்தது. வறுமையினால் குருதியை விற்றவர்களிடம் நோயை மறைக்கும் நிர்ப்பந்தம் இருந்தது. ஆதலின் 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட, 1998 ஜனவரி முதல் நாள் தொட்டு இரத்த விற்பனை தடை செய்யப்பட்டது.

இன்றோ குழந்தைக்கேற்ற சிறு குழாய்கள் வந்துள்ளன. புதிய இரத்தத்தைத் தேர்ந்தும், சேமித்த அணுக்களைக் கழுவியும், வெள்ளணுக்களை வடிகட்டியும் அளிக்கின்றனர். அறுவை முடிந்தபின் மிகை நீரை வடித்து, குழந்தையின் இரத்தத்தைச் செறிவாக்குகின்றனர். பாத்தியறிந்து நீர் பாய்ச்சக் கற்றுக்கொண்டோம் எனலாம்.

எனினும், எத்துணைக் கருவிகள் வந்தாலும், குருதியை ஆலையில் வடித்தெடுக்க இயலவில்லை. அது மனிதர் மனமுவந்து அளிப்பது. தம் உடல்நிலையை மறையாது கூறிக் கை நீட்டும் கொடையாளியே அக்குழந்தையின் முதற்காவலர். விற்பவனுக்கு மறைக்கக் காரணமுண்டு. கொடுப்பவனுக்கு அஃதில்லை அன்றோ?