இரணவைத்தியத்திற் கைமுடிச்சு

முடிச்சிடுதல் எம்மவர்க்குப் புதிய வித்தையன்று. முல்லைத்தீவுக் கரையிலே வலை முடிவோரும், வன்னி வயல்களிலே நெற்கதிரைக் கட்டாகக் கட்டுவோரும் அதனை நன்கறிவர். அம்முடிச்சே சத்திரவைத்தியரின் விரல்களில் ஓருயிரைத் தாங்கி நிற்கின்றது. அதன் வரலாற்றை இளைஞர் அறிதல் நன்று.

பாரதத்தின் பழைய இரணவைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை, காயந் தைக்கும் முறைகள் நான்கினைக் கூறும். அவற்றுள் ஒன்று 'ருஜுகிரந்தி'. நேர்முடிச்சு என்பது அதன் பொருள். நுண்ணிய நூல், சணல், மயிர், எம் காடுகளிற் படரும் சீந்திலின் நார் முதலியன தைப்பதற்கு உரியனவாம். மாணாக்கன் நோயாளியைத் தொடுமுன், துணியின் ஓரங்களிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழகவேண்டும் என்பதும் அந்நூலின் விதி. கிரேக்க வைத்தியராகிய எராக்கிலாசு என்பவரும், ஏறக்குறைய கி.பி. முதலாம் நூற்றாண்டிலே, வைத்தியத்துக்கு வேண்டிய முடிச்சுகளையும் சுருக்குகளையும் விவரித்து எழுதினார்.

மேனாட்டு இரணவைத்தியத்தைத் தமிழிலே கற்பித்த பெருமை டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களுக்குரியது. 1847 இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் வைத்தியசாலையும் வைத்தியக் கல்வியும் நிறுவினார். தமிழிற் கற்றவர் தம் ஊரிலேயே தங்கி ஊராருக்கு உதவுவர் என்பது அவர் கருத்து. துருவிற்று என்பாரின் ஆங்கில நூல் 1867 இல் 'இரணவைத்தியம்' என்னும் பெயருடன் தமிழில் வெளிவந்தது. சமயத்தால் அவர் வேறானவர். எனினும் தமிழுக்கும் தமிழருக்கும் அவர் செய்த தொண்டை மறத்தல் நன்றியன்று. அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைக்கவில்லை. 1978 இல் தோன்றிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கின்றது.

இனி, முடிச்சின் இயல்பைக் காண்போம். நூலின் இரு முனைகளையும் ஒருமுறை பின்னி இறுக்குவது முதற்சுற்று. இரண்டாஞ் சுற்று அதற்கு எதிர்த்திசையிற் செல்லவேண்டும். இரண்டும் ஒரே திசையிற் சென்றால் முடிச்சு நழுவும். முதற்சுற்றிலேயே நூலை இருமுறை பின்னினால், அடுத்த சுற்றுப் போடும்வரை அது எளிதில் தளராது. இதுவே சத்திரவைத்தியர் முடிச்சு. இரு முனைகளையும் எதிரெதிராக, ஒத்த விசையுடன் இழுத்தல் வேண்டும்; ஒருபுறம் மிகுந்தால் அது சுருக்காகி வழுக்கும். குருதிக் குழாயிற் கட்டிய முடிச்சு நழுவினால் குருதி மீண்டும் பெருகும். காயத்தின் விளிம்பிலே மிக இறுக்கினாலோ இரத்தவோட்டம் தடைப்பட்டுத் தசை அழுகும்.

இளைஞர்காள்! இரு நிறக் கயிறுகளைக் கதவின் கைப்பிடியிற் சுற்றிப் பழகிப் பாருங்கள். ஆயின் காயந் தைத்தல் வைத்தியருக்கே உரியது. குருதி பாயும் காயத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதே நும் கடமை. வயலிற் பாம்பு கடித்தவரின் காலைக் கயிற்றால் இறுகக் கட்டும் பழைய வழக்கத்தையும் கைவிடுங்கள். அக்கட்டினாலேயே கால் இழக்க நேரலாம். கடிபட்டவரை நடக்கவிடாது விரைந்து ஆஸ்பத்திரி சேர்ப்பியுங்கள். எங்கே கட்டலாகாது என்பதை அறிதலும் முடிச்சுக் கல்வியின் பாற்பட்டதே.